கௌதாரிக் காட்டில் ஒரு லாப்ரடார்: முதல் களப்பயணத்துக்கு நாயைத் தயார் செய்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள நகரத்தார் ஊர் ஒன்றில் நடந்தது இது. நாயின் உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். பல ஆண்டுகள் அமெரிக்காவில் பணியாற்றிவிட்டு, தம் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டைப் பழுதுபார்த்துக் குடியேறியவர். தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருந்தபோது நண்பர் ஒருவருடன் ஃபெசன்ட் வேட்டைக்குப் போய் வந்திருக்கிறார். ஃபெசன்ட் நம் காட்டுக்கோழிக்கு உறவான பறவை. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட அது இன்று அந்த மாநிலத்தின் அடையாளப் பறவையாகவே இருக்கிறது. அக்டோபரில் பருவம் தொடங்கியதும், உரிமம் பெற்றவர்கள் புல்வெளிகளிலும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லைகளிலும் வரிசையாக நடந்து போவார்கள்.

அந்த நடையில் ரெட்ரீவர் நாய்க்கு (லாப்ரடார் இந்த வகைதான்) பறவையைக் கிளப்புவது, விழுந்ததை எடுத்து வருவது என்று இரண்டு வேலை. துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், அதாவது ஆளுக்கு முன்னே இருபது இருபத்தைந்து மீட்டருக்குள், இடமும் வலமுமாக மோப்பம் பிடித்துச் சென்று பறவையைக் கிளப்ப வேண்டும். பறவை எழுந்ததும் துரத்தாமல் அங்கேயே உட்கார வேண்டும். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, சொன்ன பிறகே போய், பல் பதியாமல் கவ்விவந்து கையில் கொடுக்க வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் நாய் பெரும்பாலும் மறைவில் அமர்ந்து காத்திருக்கும். மேட்டு நிலத்திலோ ஓயாமல் ஓடும். ஆகவே இங்கே அறிவுக்கு இணையாக உடம்பும் தேறியிருக்க வேண்டும்.

இந்த நினைவோடுதான் அவர் ஒரு பெண் லாப்ரடார் குட்டியை வாங்கி வளர்த்தார். வீட்டில் இன்னொரு நினைவும் இருந்தது. அவருடைய அப்பச்சி (தந்தை), வேட்டை தடை செய்யப்படுவதற்கு முந்தைய காலத்தில், கண்மாய்க் கரையோரத் தரிசுகளில் கௌதாரி சுட்டவர். அந்தத் துப்பாக்கி உரிமத்துடன் இன்னும் இருக்கிறது. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

கோரிக்கையும் முதல் முடிவும்

நாய்க்குப் பதினான்கு மாதம் ஆனபோது, ஐப்பசி மழைக்கு நடுவில், பயிற்சியாளன் என்ற முறையில் என்னை அழைத்தார். பொங்கலுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள், அதற்குள் நாயை முதல் வேட்டைக்குத் தயார் செய்து தர வேண்டும் என்பது கோரிக்கை. “நம் சொந்தப் பொட்டலில்தான் தம்பி, யாருக்கும் இடைஞ்சல் இல்லை” என்றார்.

நிலம் சொந்தமானது என்பதால் விலக்குக் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரியைக் காக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமன்று. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது அனைத்தும் வேட்டையே. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் அதில் அடங்கும். துப்பாக்கியே இல்லாமல் நாயை ஏவிக் கௌதாரியைத் துரத்த விட்டாலும் குற்றம்தான். இதை அவரிடம் வரிவரியாகச் சொன்னேன். சட்டம் ஒருபுறமிருக்க, கௌதாரி தரையில் முட்டையிடும் பறவை. ஓடி ஒளியவே முயலும், வேறு வழியில்லாதபோதுதான் பறக்கும். புதர்களும் தரிசுகளும் குறைந்துவரும் இந்த மண்ணில் பழக்கப்படுத்தாத நாய் ஒன்று ஒரு காலையில் செய்யும் சேதம் சிறியதன்று. அப்படிப்பட்ட பயிற்சிக்கு நான் உடன்பட மாட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் வருந்தினார், ஆனால் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, “பறவை வேண்டாம் அண்ணன் தம்பிகளா, நாய் வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்த்தால் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்” என்றார். மேட்டு நில வேட்டையில் ஒரு ரெட்ரீவர் செய்யும் அத்தனை வேலையையும், சுடுவதை மட்டும் நீக்கிவிட்டு, டம்மியை வைத்து நடத்துவது என்று முடிவாயிற்று. கான்வாஸ் துணியில் செய்த உருளையில் கறிக்கடையிலிருந்து வாங்கிய நாட்டுக்கோழி இறகைக் கட்டி டம்மி தயாரானது. துப்பாக்கி பெட்டகத்தை விட்டு வெளியே வராது என்பது என் தரப்பு நிபந்தனை.

முதல் மதிப்பீடு

நாய் 27 கிலோ. கண், காது, மூக்கு நன்றாக இருந்தன. குணம் அருமை. எதை எறிந்தாலும் எடுக்கும் ஆர்வம் பிறவியிலேயே இருந்தது. குறைகள் எல்லாம் அது வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் விளக்கியாக வேண்டும்.

குட்டிப் பருவம் முழுவதும் அது வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றியே வளர்ந்திருந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடையிலும் குளிர்ந்திருக்கும், நாய்க்குச் சுகம். ஆனால் அந்த வழவழப்பில் பாதம் தேறாது. அடிப்பாதத் தோல் குழந்தையின் உள்ளங்கையைப் போல மென்மையாக இருந்தது. வெளியே இருப்பதோ செம்புறைச் சரளையும் நெருஞ்சியும். வழுக்கும் தரையில் திரும்பித் திரும்பி ஓடியதால் பின்னங்கால்களை அகட்டி வைக்கும் பழக்கமும் இருந்தது. லாப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது உண்டு என்பதால், ஓட்டப் பயிற்சிக்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். மூட்டுகள் நல்ல நிலையில் இருந்தன.

அடுத்தது விசில். உரிமையாளர் புத்தகம் பார்த்து விசிலுக்குப் பழக்கியிருந்தார். ஆனால் நான்கு பக்கமும் சுவரும் தூணும் சூழ்ந்த வளவுக்குள். அங்கே ஒலி எதிரொலித்து எல்லாத் திசையிலிருந்தும் வரும். திறந்த வெளியில் அதே விசிலைக் கேட்டபோது நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மூன்றாவது, கவ்வியதைத் தராமை. வீட்டுப் பிள்ளைகள் செருப்பையும் பந்தையும் பிடுங்க அதைத் துரத்தித் துரத்தி விளையாடியதில், எடுத்த பொருளோடு தூணைச் சுற்றி ஓடுவதே விளையாட்டு என்று அதற்குப் பதிந்துவிட்டது.

காது மடலிலும் விரலிடுக்கிலும் சில உண்ணிகள் இருந்தன. அகற்றி, மருந்து போடச் சொன்னோம்.

பயிற்சியின் வரிசை

உரிமையாளர் கையில் இருந்த திட்டம் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது. கோடையில் உடம்பைத் தேற்றி, இலையுதிர்காலத்தில் களத்துக்குப் போவது அதன் அமைப்பு. செட்டிநாட்டில் கோடையில் நாயை ஓட வைப்பது உயிரோடு விளையாடுவது. நமக்குக் கிடைக்கும் நல்ல காலம் ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து மாசி நடு வரை. அதிலும் விடியலிலிருந்து எட்டு மணி வரைதான். எனவே திட்டத்தைத் தலைகீழாக்கி, எடுத்து வருவதைக் கடைசிக்குத் தள்ளி, நிற்பதை முதலில் வைத்தோம்.

இதை விரித்துச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் ரெட்ரீவர் வளர்ப்பவர்கள் பலரும் பிசகுவது இங்கேதான். எறிந்ததை எடுப்பது லாப்ரடாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதைப் புகழ்ந்து புகழ்ந்து வளர்த்தால், அசைவது எல்லாம் தனக்கே என்று நாய் எண்ணிக்கொள்ளும். நம் தரிசு நிலங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத பாழுங்கிணறுகள் இருக்கின்றன. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கின்றன. முள்கம்பி வேலி இருக்கிறது, மேயும் ஆட்டுக்குட்டி இருக்கிறது, ஓடும் மயில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நாயை எந்த இடத்திலும் ஒரே ஊதலில் உட்கார வைக்க முடியவில்லை என்றால், அதைக் கயிறின்றி அங்கே அவிழ்த்துவிட யாருக்கும் உரிமையில்லை. இந்த முழு நிகழ்விலும் நான் உறுதியாக நம்பும் ஒரு செய்தி உண்டென்றால் அது இதுதான்.

நீண்ட ஒற்றை ஊதல் உட்கார்வதற்கு. சிறு சிறு ஊதல்கள் திரும்பி வருவதற்கு. இரண்டு குறு ஊதல் திசை மாறுவதற்கு. முதலில் சோற்றுத் தட்டை வைக்கும் நேரத்தில் ஊதி உட்காரப் பழக்கினோம். பிறகு முகப்பைத் தாண்டித் தெருவில், பிறகு பொட்டலில், நீளக் கயிற்றோடு நடக்கும்போது. அதன்பின் கண்முன்னே டம்மியை எறிந்துவிட்டு ஊதுவது. எறிந்தவற்றில் பாதியை நானோ உதவியாளோ நடந்துபோய் எடுத்துவந்தோம். மறுபாதிக்குத்தான் நாய்க்கு அனுமதி. நாய்க்கு இது எளிதன்று. தொடக்கத்தில் அதன் உடம்பு நடுங்கியது, வாய்விட்டு முனகியது. அவசரப்படாமல் காத்திருந்து, நடுக்கம் அடங்கிய நொடியில் அனுப்பியபோது, அடங்கினால்தான் கிடைக்கும் என்று தானே விளங்கிக்கொண்டது.

தராமல் ஓடும் பழக்கத்துக்கு மருந்து, யாரும் துரத்தாமல் இருப்பது. வீட்டில் பிள்ளைகளுக்கு அது கண்டிப்பான விதியாயிற்று. டம்மியோடு வந்தால் நாம் பின்னோக்கி நடப்போம். அது நம்மைத் துரத்தி வரும். கையில் வைத்ததும் இன்னொன்று எறியப்படும்.

ஓசைக்குப் பழக்குவதில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. தீபாவளி மிச்சப் பட்டாசு இருக்கிறது, வெடித்துப் பழக்கலாமே என்றார் உரிமையாளர். வேண்டாம் என்றேன். அருகிலிருந்து ஒரே ஒரு தடவை வெடித்துப் பயந்துவிட்ட நாய், ஆயுள் முழுக்க ஓசைக்கு நடுங்கக்கூடும். அதை மீட்பது மிகக் கடினம். இதே மாவட்டத்தில் 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட மக்கள் வாழும் பகுதியில் பயிற்சிக்காக வெடி வெடிக்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டு பலகைத் துண்டுகளைக் கீல் வைத்து இணைத்த தட்டுப்பலகை ஒன்றைத் தச்சர் செய்து கொடுத்தார். நூறு மீட்டருக்கு அப்பால் ஒருவர் தட்டுவார். அதே நொடியில் டம்மி மேலே எழும். நாயின் காது தாழாமல், வால் இறங்காமல் இருக்கும்வரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஓசை கேட்டால் நல்லது வரும் என்று அது வானத்தைப் பார்க்கத் தொடங்கியது.

பாதத்துக்குத் தனி வைத்தியம் செய்யவில்லை. தினமும் சரளைப் பாதையில் நடை. முதலில் சிறிது, பிறகு கூடுதலாக. அது தானே தேறியது.

கால் தளர்ந்த காலை

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், எட்டு மணி வாக்கில், சாதாரணமான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வெயில் கடுமையாக இல்லை. நான்காவது டம்மியை எடுத்துவரும்போது நாயின் பின்னங்கால்கள் பின்னின. சற்று நடந்து அமர்ந்துவிட்டது. டம்மியை வாயிலிருந்து விடவில்லை.

மூன்று காரணங்கள் மனத்தில் வந்தன. ஒன்று வெப்பத் தாக்கம். இன்னொன்று லாப்ரடார்களில் காணப்படும் பரம்பரைக் கோளாறு: கடும் ஓட்டமும் பரபரப்பும் சேர்ந்தால் சில நிமிடங்களில் பின்னங்கால் செயலிழந்து, ஓய்வுக்குப் பின் பெரும்பாலும் தானே தெளியும், சில வேளை உயிரையும் வாங்கும். மூன்றாவது ஏதேனும் நோய்.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை குளிர்விப்பது. நிழலுக்குத் தூக்கிச்சென்று, குடங்களில் இருந்த நீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கால்களிலும் ஊற்றி, விசிறினோம். ஈரத் துணியைப் போர்த்தி வைக்கவில்லை. போர்த்திய துணி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். ஆசனவாய் வழியாக எடுத்த வெப்பநிலை 40.6 டிகிரி. நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி. நன்றாக ஓடிய ஆரோக்கியமான லாப்ரடார் 41 டிகிரியைத் தொடுவதும் உண்டு. எனவே அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு விரைவாக இறங்குகிறது, நாய் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். 39.4 வந்ததும் நீர் ஊற்றுவதை நிறுத்தினோம், அதற்குமேல் குளிர்வித்தால் வெப்பம் அளவுக்குக் கீழே போய்விடும்.

வெப்பத் தாக்கத்தில் ஈறு பொதுவாகக் கடும் சிவப்பாக இருக்கும். இந்த நாயின் ஈறு வெளிறியிருந்தது. வயிற்றின் மயிரில்லாத பகுதியில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் கண்டவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். “கொசுக்கடி இல்லை தம்பி, அமுக்கினால் மறையவில்லை பாருங்கள்” என்றார். தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. ஓய்வு கொடுத்து மறுநாள் பார்ப்போம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் சென்றோம்.

நோயும் ஒத்திவைப்பும்

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. நாய்க்கு ஏறத்தாழ இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிக்கியா தொற்று உறுதியாயிற்று. பழுப்பு நாய் உண்ணி கடித்துப் பரப்பும் நோய் இது, தமிழ்நாட்டில் அரிதன்று. நோய் உள்ளே இருந்தாலும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வெளியே தெரியாமல் இருக்கும். சாதாரணமாக ஓடும் நாய் உழைப்பு கூடும்போதுதான் தளரும். இங்கேயும் அதுவே நிகழ்ந்திருக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக் குதித்தது. வீட்டில் ஆச்சி, “தெளிந்துவிட்டதே, பிறகும் எதற்கு இத்தனை மருந்து?” என்று கேட்டார்கள். கேட்கக்கூடிய கேள்விதான். பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளே தங்கி, பின்னாளில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் நிலைக்குப் போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். அதன்பின் ஒருவேளைகூடத் தவறாமல் கொடுத்தவர்கள் அவர்களே.

நாயை மட்டும் குணப்படுத்தினால் போதாது. இந்த உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, சுவரிடுக்கில் கழிக்கிறது. பழைய வீட்டின் முன்கட்டு முட்டைவெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர். அதில் எறும்பு நுழையவும் இடமில்லை. நாய் படுக்கும் பின்கட்டிலோ விறகு அடுக்கும் உடைந்த செங்கல்லும் இருந்தன. விறகை அகற்றி, விரிசல்களைப் பூசி, மருந்து தெளித்து, நாய்க்கு மாதம் ஒருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரையைத் தொடங்கினோம்.

பின்னங்கால் செயலிழக்கும் அந்தப் பரம்பரைக் கோளாறுக்கான மரபணுச் சோதனையும் செய்யச் சொன்னோம். பழுதான மரபணுவின் ஒற்றைப் பிரதி இருப்பதாக முடிவு வந்தது. ஒற்றைப் பிரதி உள்ள நாய் பொதுவாகச் சரிந்து விழாது. இரண்டும் இருந்தால்தான் ஆபத்து. ஆனால் குட்டி எடுக்க நினைத்தால் இணையையும் சோதித்தாக வேண்டும்.

பொங்கல் பயணம் கைவிடப்பட்டது. வந்திருந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். சிகிச்சை முடிந்தபோது மாசி நெருங்கிவிட்டது. எடை 24 கிலோவாகக் குறைந்திருந்தது. மாசிக் கடைசிக்குள் ஒரு சிறு பயணமாவது போய்வரலாமா என்று உரிமையாளர் கேட்டார். தட்டணுக்கள் இயல்புக்கு வந்துவிட்டன என்றாலும், இழந்த தசை திரும்ப வர மாதங்கள் ஆகும். அதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். அடுத்த மார்கழி வரை தள்ளிப்போட முடிவு செய்தோம். முடிவு என்னுடையது. ஆனால் அதற்குப் பொறுமையாக உடன்பட்டதில் உரிமையாளரின் பங்கு பெரியது. ஓராண்டு காத்திருக்கச் சொன்னால் பலர் வேறு பயிற்சியாளரைத் தேடுவார்கள்.

இடைப்பட்ட மாதங்கள்

கோடையில் ஓட்டம் இல்லை. கண்மாயில் நீர் இருந்தவரை விடியற்காலை நீச்சல். மூட்டுக்கு இடைஞ்சலின்றித் தசை வளர்க்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஊருணியில் இறக்கவே இல்லை, அது ஊரார் குடிநீர். வெயில் ஏறியபின் வளவுக்குள் உட்காருவதும் காத்திருப்பதும் மட்டும். ஆவணி, புரட்டாசியில் நடையை மெல்லக் கூட்டினோம்.

வாயில் எதையும் எடுக்கும் நாய்க்கு ‘விடு’ என்ற சொல் உயிர்காப்பு. காட்டுப்பன்றிக்காக யாராவது தோட்டத்தில் விஷம் கலந்த உணவை வைத்திருந்தால், கவ்விய நொடியிலேயே கீழே போட வேண்டும். சொல்லாத எதையும் கவ்வக் கூடாது என்பதையும் இந்த மாதங்களில்தான் உறுதிப்படுத்தினோம்.

களநாள்

அடுத்த மார்கழியில், மழை ஓய்ந்து நிலம் காய்ந்த ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். முந்தைய நாள் உரிமையாளரும் தோட்டத்துப் பெரியவரும் நானும் நிலத்தை நடந்து பார்த்தோம். பெரியவர் கண்மாயின் உட்பகுதியில் இருந்த சீமைக்கருவேலக் கூட்டத்தைக் காட்டி, “அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் ஐயா. கௌதாரி இரவில் அடைகிற மரங்கள் அவை, விடியலில் அங்கிருந்துதான் இறங்கும்” என்றார். அந்தப் பகுதியை விலக்கி, கரைக்கு வெளியே இருந்த பழைய கடலைத் தரிசைத் தேர்ந்தோம். அங்கிருந்த பாழுங்கிணற்றைச் சுற்றி முள் வெட்டி அடைத்தார்.

விடிந்ததும் தொடங்கினோம். குளிர்ச்சியான காற்று, புல்லில் பனி. உரிமையாளர், அவர் மகன், தங்கை மக்கள் இருவர், தட்டுப்பலகையோடும் டம்மியோடும் புதர் மறைவில் ஒருவர், பெரியவர், நான். நாய்க்கு முந்தைய இரவே உணவு. காலையில் வயிறு நிறைய எதுவும் இல்லை. தண்ணீர் இருபது லிட்டர். வெப்பமானி, முள் எடுக்கும் இடுக்கி, கட்டுத்துணி. பாம்பு கடித்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, அங்கே விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்பதை முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

முதல் டம்மியை நாய் சுத்தமாக எடுத்துவந்தது. இரண்டாவது கருவேலம் புதருக்குள் விழுந்தது. காற்று நாயின் முதுகுப்பக்கமிருந்து வீசியதால் மணம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றித் தேடியது. நான் உதவப் போகவில்லை. புதரின் மறுபக்கம் போய், காற்று முகத்தில் படும்படி நின்று, மூக்கை உயர்த்தி, நேராக உள்ளே நுழைந்து எடுத்தது. யாரும் அதற்குக் கற்றுத் தராதது அது. உரிமையாளரின் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

மூன்றாவதை எறியும் முன், நாங்கள் எதிர்பாராத இடத்தில், நாய்க்கு முன்னால் பத்தடி தூரத்தில் இரண்டு கௌதாரிகள் இறக்கைகள் படபடக்க எழுந்தன. நாய் பாய்ந்தது. உரிமையாளர் ஊதினார். நீண்ட ஒற்றை ஊதல். நாய் சில எட்டுகள் போய், வேகம் குறைந்து, உட்கார்ந்தது. உடம்பு முழுக்க நடுக்கம். கண் பறவைகள் போன திசையில். அவை தாழப் பறந்து கரைக்கு அப்பால் இறங்கி மறைந்தன. உரிமையாளர் நடந்துபோய்க் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, அதை வேறு திசையில் திருப்பினார்.

அத்தோடு நிறுத்தச் சொன்னேன். மணி ஏழரை, வெயிலும் ஏறவில்லை. “இன்னும் ஒன்றே ஒன்று மாமா” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆனால் நாய் அன்று கற்க வேண்டிய மிகக் கடினமான பாடத்தைக் கற்றுவிட்டது. அதற்குமேல் ஓட விட்டால், பறவையின் மணம் உள்ள இடத்தில் மறுபடி பாயத்தான் தூண்டும். அந்த இடத்தில் கௌதாரியைத் தேவையில்லாமல் மீண்டும் கலைப்பதும் சரியன்று.

பின்விளைவுகள்

ஓய்ந்து பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. ஈறு நல்ல இளஞ்சிவப்பில் இருந்தது. வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காது, அக்குள், கண்ணிமை எல்லாம் தடவிப் பார்த்து நெருஞ்சி முட்களையும் ஒட்டுப்புல்லையும் எடுத்தோம். அப்படியும் ஒன்று தப்பியது. நான்காம் நாள் முன்னங்கால் விரலிடுக்கு வீங்கியது. மருத்துவர் கீறி ஒரு புல்லூசியை எடுத்தார். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அந்தப் பருவத்தில் குடும்பம் அவ்வப்போது விடியலில் தரிசுக்குப் போய்வந்தது. நாய் மயிலுக்கு இன்னும் முழுமையாக நிற்பதில்லை. தரையில் ஓடும் பெரிய பறவை அதற்குப் பெரும் சபலம். அதனால் மயில் நடமாடும் பக்கம் நீளக் கயிற்றோடுதான் போகிறார்கள். உண்ணி பரப்பும் அந்த நோய்க்கான இரத்தச் சோதனை திரும்பச் செய்யப்பட்டது. தட்டணுக்கள் இயல்பாக உள்ளன. உரிமையாளரின் மகன் விசில் பழக்கத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

அடுத்த நாய்க்கு மாற்ற வேண்டியவை

உண்ணி கண்ணில் பட்ட நாய் எதுவானாலும், பயிற்சி தொடங்கும் முன்பே இரத்தப் பரிசோதனை. இந்த நிகழ்வில் உண்ணியை முதல் நாளே பார்த்தோம், மருந்தும் போட்டோம்; இரத்தத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும். பரம்பரைக் கோளாறுக்கான சோதனையைக் குட்டி வாங்கும்போதே, தாய் தந்தையின் சோதனை முடிவாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

வளவுக்குள் விசில் பழக்குவதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆத்தங்குடித் தரையில் குட்டி வளரும் வீடுகளில் அது ஓடியாடும் பகுதியில் சணல் விரிப்பு போடச் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்தே தினமும் மண்ணிலும் சரளையிலும் நடக்க வைக்கச் சொல்கிறேன்.

களநாளுக்குப் பிறகு பாதத்தை ஒருமுறை பார்த்தால் போதாது. நான்கு நாள் வரை காலையும் மாலையும் விரலிடுக்கைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டுப்புல் தோலுக்குள் நகர்ந்து நகர்ந்து போகும். கூடவே, பயணத்துக்கு முன்பே விரலிடுக்கு மயிரைக் கத்தரித்துவிட வேண்டும். அடுத்த மார்கழிக்கு இதைத்தான் முதலில் செய்யப்போகிறோம். மயிலைக் கண்டால் நிற்பதற்கான பயிற்சியை ஆவணியிலேயே கயிற்றோடு தொடங்குவதாக உரிமையாளரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.